எடை இறங்கிய பிறகு தொங்கும் தோலை என்ன செய்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2019 ஜனவரியில் எனக்கு ஸ்லீவ் அறுவை சிகிச்சை நடந்தது. இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்து, மீதியை ஒரு குழாய் போல விடுகிற சிகிச்சை அது. அப்போது எனக்கு வயது 39, உயரம் 160 செ.மீ., எடை 118 கிலோ. 2021 டிசம்பரில் வயிற்றில் தொங்கிய தோலையும் எடுத்துவிட்டேன். வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் என்பதால் மார்த்தாண்டம், குளச்சல், நாகர்கோவில் என்று பல இடங்களிலிருந்தும் ஆட்கள் வந்து கேட்பார்கள். பெரும்பாலும் பெண்கள், குரலைத் தாழ்த்தித்தான் கேட்பார்கள். நான் மருத்துவர் இல்லை. என் உடம்பில் நடந்ததையும், என் மருத்துவர்கள் எனக்கு விளக்கியதையும் வைத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

என் இலக்கு எடை 59 கிலோ என்று எழுதித் தந்தார்கள். நான் 80-லேயே நிற்கிறேன். ஆபரேஷன் தோற்றுவிட்டதா?

தோற்கவில்லை. இதே கேள்வியோடு ஒன்றரை வருஷம் நான் அழுதிருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆசியர்களுக்கு பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கும் எண்) 23-க்குள் இருப்பது நல்லது என்பார்கள். 160 செ.மீ. உயரத்துக்கு அது 59 கிலோ. எனக்கும் அந்த எண்ணைத்தான் ஒரு தாளில் எழுதித் தந்தார்கள். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தேன். ஆனால் அது அட்டவணையில் உள்ள எண். அறுவை சிகிச்சை எவ்வளவு இறக்கும் என்பது வேறு கணக்கு.

118-லிருந்து 59-ஐக் கழித்தால் 59 கிலோ கூடுதல் எடை. இந்தச் சிகிச்சைகளில் பொதுவாக அந்தக் கூடுதல் எடையில் 50 முதல் 70 சதவீதம் வரை குறையும். அப்படியென்றால் எனக்குக் குறைய வேண்டியது ஏறக்குறைய 30 முதல் 41 கிலோ. நான் 77-க்கும் 88-க்கும் நடுவில் எங்காவது நின்றால் அது இயல்பு. நான் 79-ல் நின்றேன். சிகிச்சை தன் வேலையை நன்றாகவே செய்திருந்தது. அந்தத் தாளைப் பார்த்துப் பார்த்து நான்தான் இன்னும் 20 கிலோ பாக்கி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த ஒரு கணக்கை முதல் நாளே யாராவது போட்டுக் காட்டியிருந்தால் எவ்வளவு மனவேதனை மிச்சமாகியிருக்கும்!

உங்கள் எண்களை வைத்து இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். அப்புறம் எடைக்கு வெளியே என்ன மாறியது என்று எழுதுங்கள். எனக்கு மூன்று மாதச் சர்க்கரை அளவு 9.1-லிருந்து 5.9-க்கு வந்தது. பிரஷர் மாத்திரை இரண்டு ஒன்றாகியது. குறட்டை நின்றது. குமாரகோயில் படிகளை எங்கும் உட்காராமல் ஏறினேன். அன்று வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜில் இருந்த தாளைக் கிழித்துவிட்டேன்.

எடை எப்போது இறங்குவதை நிறுத்தும்?

முதல் ஆறு மாதம் வேகமாக இறங்கும், பிறகு மெதுவாகும். பெரும்பாலானவர்களுக்கு 12 முதல் 18 மாதத்துக்குள் நின்றுவிடும். நடுநடுவே இரண்டு மூன்று வாரம் முள் அசையாமல் நிற்பதும் உண்டு. மூன்றாவது வாரத்திலேயே அப்படி நின்று பலர் பயந்துவிடுகிறார்கள். தினமும் தராசில் ஏறாதீர்கள், வாரத்துக்கு ஒரு நாள் போதும். உடம்பில் தண்ணீர் கூடிக் குறைவதிலேயே ஒன்றிரண்டு கிலோ வித்தியாசம் காட்டும்.

தோல் ஏன் சுருங்காமல் தொங்குகிறது? நான் ஏதாவது தப்பு செய்துவிட்டேனா?

இல்லை. தோலுக்குள் கொலாஜன், எலாஸ்டின் என்று இரண்டு வகை நார்கள் உண்டு. ஒன்று பலம் தரும், மற்றொன்று இழுத்தால் திரும்பி வரும் தன்மை தரும். பல வருஷம் விரிந்தே இருந்தால் இந்த நார்கள் அறுந்து நைந்துபோகும். பழைய பாவாடையின் எலாஸ்டிக்கை நினைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். வயது, எத்தனை வருஷம் பருமனாக இருந்தீர்கள், எத்தனை கிலோ இறங்கியது, பிரசவங்கள், பரம்பரை, புகைப்பழக்கம், வெயில் எல்லாம் சேர்ந்துதான் தொங்கலின் அளவைத் தீர்மானிக்கின்றன. மெதுவாக எடை குறைத்திருந்தால் தொங்கியிருக்காது என்று உங்களிடம் யாராவது சொல்லியிருக்கலாம். 40 கிலோ இறங்கிய உடம்பில் வேகம் பெரிய வித்தியாசம் காட்டாது.

எனக்கு வயிற்றுத் தோல் முன்பக்கம் தொடையைத் தொடும் அளவுக்குத் தொங்கியது. கைகள், தொடையின் உள்பக்கம், மார்பு, தாடைக்குக் கீழே எல்லா இடத்திலும் தளர்ந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் இதைப் பற்றி எனக்கு யாரும் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அந்த ஆஸ்பத்திரி மேல் எனக்கு இன்றும் உள்ள ஒரே வருத்தம் அதுதான். சிகிச்சைக்குப் போகப்போகிறவர்கள் முதல் சந்திப்பிலேயே தோலைப் பற்றிக் கேளுங்கள்.

தேங்காய் எண்ணெய், கிரீம், மசாஜ், உடற்பயிற்சி?

எண்ணெயும் கிரீமும் தோலை வறளாமல் வைக்கும், சுருக்காது. "பத்து நாளில் இறுகும்" என்று விற்கும் எதற்கும் காசு கொடுக்காதீர்கள். உடற்பயிற்சி தசையை வளர்க்கும். கையிலும் தொடையிலும் தசை கூடினால் தொங்கல் கொஞ்சம் குறைவாகத் தெரியும். ஆனால் நைந்த தோலை அதுவும் இழுத்துக் கட்டாது. இருந்தாலும் செய்யுங்கள், எடை நிற்பதற்கும் முழங்காலுக்கும் அது தேவை.

வயிற்று மடிப்புக்குள் எப்போதும் சிவந்து, அரித்து, நாற்றம் வருகிறது. வெளியில் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை. தோல் தொங்குகிற பலருக்கும் வருவது இது. நம் மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஜூனில் தொடங்கினால் டிசம்பர் வரைக்கும் காற்றில் ஈரம்தான், மீதி மாதங்களில் வியர்வை. மடிப்புக்குள் ஈரமும் சூடும் உராய்வும் சேர்ந்தால் பூஞ்சை வளரும். சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னும் சீக்கிரம் வரும்.

நான் செய்தது இதுதான். காலையும் மாலையும் மடிப்பைத் தூக்கி, மென்மையான சோப்பால் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுப்பேன். பிறகு படுத்துக்கொண்டு மடிப்பை விரித்து, ஐந்து நிமிஷம் ஃபேன் காற்று படும்படி வைப்பேன். இந்த ஐந்து நிமிஷத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதிகப் பலன் தந்தது அதுதான். அதன்பின் பழைய துவர்த்தை (தோளில் போடும் மெல்லிய பருத்தித் துண்டை) கிழித்து, துவைத்து நன்றாகக் காயவைத்த துண்டு ஒன்றை மடிப்புக்குள் விரித்து வைப்பேன். நம் ஊர்த் துவர்த்து மெல்லிசு, ஈரத்தை உடனே இழுக்கும், மழைக்காலத்திலும் சீக்கிரம் காயும். நனைந்ததும் மாற்ற வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு வேலைக்குப் போகும்போது பையில் நான்கு துண்டுகள் வைத்திருப்பேன்.

சிவந்துவிட்டால் தோல் மருத்துவரிடம் காட்டி, பூஞ்சைக்கான களிம்போ பவுடரோ வாங்குங்கள். மெடிக்கல் ஷாப்பில் "அரிப்புக்கு ஒண்ணு தாங்க" என்று கேட்டு வாங்காதீர்கள். அப்படிக் கிடைப்பதில் பல, ஸ்டீராய்டு கலந்த களிம்புகள். இரண்டு நாளில் அரிப்பு நிற்கும், பிறகு பூஞ்சை மருந்துக்கு அடங்காமல் பரவும், தோலும் மெலிந்துபோகும். எனக்குத் தெரிந்த ஒரு பெண் இப்படி ஒரு வருஷம் கஷ்டப்பட்டாள்.

சிவப்பு வேகமாகப் பரவுவது, சீழ், காய்ச்சல், தொட்டால் சூடு, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

இன்னொன்று, பாவாடை நாடா. தொங்கும் தோலின் மேல் நாடாவை இறுக்கிக் கட்டினால் அந்த இடம் கறுத்துப் புண்ணாகும். அகலப் பட்டை வைத்துத் தைத்த பாவாடையை மடிப்புக்கு மேலே கட்டுங்கள், அல்லது தோலை உள்ளே ஏந்திப் பிடிக்கும் உயரமான காட்டன் உள்ளாடை போடுங்கள். ஆண்களுக்கு சாரமும் (லுங்கி) பெல்ட்டும் இதே தொல்லையைத் தரும்.

தோலை எடுக்கும் அறுவை சிகிச்சையை எப்போது செய்துகொள்ளலாம்?

எடை நின்ற பிறகு. முதல் அறுவை சிகிச்சை முடிந்து ஒன்று, ஒன்றரை வருஷம் ஆகியிருக்க வேண்டும். அதோடு கடைசி மூன்று முதல் ஆறு மாதம் எடை பெரிதாக மாறாமல் இருந்திருக்க வேண்டும். அவசரப்பட்டு எட்டாவது மாதத்தில் செய்துவிட்டு, பிறகு இன்னும் 15 கிலோ இறங்கினால் தோல் மறுபடியும் தொங்கும். வடுவும் செலவும் இரண்டு மடங்கு. தங்கைக்குக் கல்யாணம், அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று ஒரு பெண் என்னிடம் வந்தாள். கல்யாணத்துக்கு வேறு ரவிக்கை தைத்துக்கொள்ளலாம், பொறுத்துக்கொள் தங்கமே என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

எடையோடு ரத்தமும் பார்ப்பார்கள். ஹீமோகுளோபின், புரதம், பி12, வைட்டமின் டி எல்லாம் சரியாக இருக்க வேண்டும். இரைப்பை சின்னதானவர்களுக்கு இவை குறைவது சாதாரணம், குறைந்திருந்தால் இவ்வளவு நீளக் காயம் எளிதில் ஆறாது. புகைப்பவர்கள் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். இதில் சமரசமே கிடையாது, புகை ரத்த ஓட்டத்தைக் குறைத்து தையல் விளிம்பைக் கறுக்கச் செய்துவிடும்.

என்னென்ன வகை இருக்கிறது?

வயிற்றுக்கு இரண்டு. தொங்கும் தோலை மட்டும் வெட்டி எடுப்பது பானிகுலெக்டமி. தோலோடு, விலகிய வயிற்றுத் தசையையும் இழுத்துத் தைத்து தொப்புளைச் சரியான இடத்தில் வைப்பது அப்டாமினோபிளாஸ்டி. டம்மி டக் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். முதுகுப் பக்கமும் நிறைய தொங்கினால் இடுப்பைச் சுற்றி முழு வட்டமாக எடுப்பார்கள். கை, தொடை, மார்பு ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சிகிச்சை உண்டு. எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய மாட்டார்கள். ஆண்களுக்கு மார்பில் கொழுப்பை உறிஞ்சினால் மட்டும் போதாது, தளர்ந்த தோலையும் எடுக்க வேண்டிவரும்.

வலி, வடு, ஆபத்து எல்லாம் எப்படி?

ஸ்லீவை விட இதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. வடு இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்பு வரைக்கும் இருக்கும், மறையாது. முதல் சில மாதம் சிவந்து தடித்திருக்கும், வெளிறி அடங்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். முதல் வாரம் முழுக்கக் குனிந்துதான் நடந்தேன், படுக்கும்போது முழங்காலுக்குக் கீழே தலையணை. நீர் வடிய இரண்டு பக்கமும் குழாய் இருந்தது. ஆறு வாரம் இறுக்கமான பெல்ட், கனமான எதையும் தூக்கக் கூடாது. என் அம்மா வந்து தங்கியிருக்காவிட்டால் சமாளித்திருக்க முடியாது.

தோலுக்கு அடியில் நீர் கோர்ப்பது, தையல் ஓரத்தில் பிரிவது, கிருமித்தொற்று ஆகியவை எடை இழந்தவர்களுக்குக் கொஞ்சம் அதிகமாகவே வரும். எனக்கு நீர் கோர்த்து மூன்று முறை ஊசியால் எடுத்தார்கள். காலில் ரத்தம் உறைவதுதான் பெரிய பயம், அதனால் மறுநாளே எழுப்பி நடக்கவைத்தார்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு முட்டினாலோ ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்காதீர்கள்.

எடுத்த தோல் 3 கிலோவுக்குக் கொஞ்சம் மேல் இருந்தது. இது எடை குறைக்கும் சிகிச்சை இல்லை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே செய்துகொள்வது? திருவனந்தபுரமா, மதுரையா, நாகர்கோவிலா?

ஆஸ்பத்திரி பெயரை நான் சொல்வதில்லை. எடை இழந்தவர்களுக்கு இதைப் பழக்கமாகச் செய்கிற, முறையாகப் பிளாஸ்டிக் சர்ஜரி படித்த மருத்துவரா என்று பாருங்கள். வெறும் காஸ்மெடிக் கிளினிக் என்றால் அவசரத்துக்கு ஐ.சி.யு. இருக்கிறதா என்று கேளுங்கள். அவர் செய்த மற்றவர்களின் படங்களை, வடு தெரிகிற மாதிரி, காட்டச் சொல்லுங்கள்.

தூரத்தையும் கணக்கில் வையுங்கள். முதல் ஒன்றரை மாதத்தில் நான் எட்டுத் தடவை போய் வந்தேன். தக்கலையிலிருந்து திருவனந்தபுரம் என்றாலும் களியக்காவிளையில் வண்டி நின்றுவிட்டால் இரண்டு மணி நேரம். வயிற்றில் தையலோடு ஒவ்வொரு பள்ளத்திலும் உயிர் போய் வரும். மதுரை என்றால் பாதி நாள் பயணம். தூரமாகப் போகிறவர்கள் முதல் இரண்டு வாரம் அங்கேயே அறை எடுத்துத் தங்குவது நல்லது. காரில் போகும்போது மணிக்கொரு முறை இறங்கி நாலு அடி நடங்கள்.

இன்சூரன்ஸ் கிடைக்குமா?

தோலுக்குக் கிடைப்பது கடினம். அழகுக்காகச் செய்யும் பிளாஸ்டிக் சர்ஜரியைப் பெரும்பாலான பாலிசிகள் பொது விலக்கில் வைத்திருக்கின்றன. ஆனால் அதே விலக்கிலேயே, உடல்நலத்துக்கு நேரடியான, உடனடியான ஆபத்தை நீக்க இது அவசியம் என்று சிகிச்சை தரும் மருத்துவர் சான்று தந்தால் பொருந்தாது என்றும் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டுதான் கேட்க வேண்டும். மடிப்புப் புண்ணுக்காகத் தோல் மருத்துவரிடம் போன ஒவ்வொரு சீட்டையும், தேதியோடு படங்களையும் சேர்த்து வையுங்கள். சிகிச்சைக்கு முன்பே எழுத்தில் அனுமதி கேளுங்கள். நான் சீட்டுகளைத் தூக்கிப்போட்டிருந்தேன். என் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது, நகையை அடகு வைத்துத்தான் கட்டினேன்.

என்ன சாப்பிட்டால் காயம் ஆறும், எடையும் நிற்கும்?

ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் என்று எல்லோரும் சொல்வார்கள். சின்ன இரைப்பையில் அதை எப்படி நிரப்புவது? நமக்கு மீன் இருக்கிறது. நூறு கிராம் சாளையோ (மத்தி) சூரையோ ஏறக்குறைய 20 கிராம் புரதம் தரும். முட்டை ஒன்றுக்கு 6 கிராம். பயறு, தயிர், பால் எல்லாம் சேர்த்துக்கொள்ளலாம். சைவக்காரர்களுக்குப் புரதப் பவுடர் வேண்டிவரும்.

மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்குழம்பும் தட்டில் இருந்தால் மீனை முதலில் சாப்பிடுங்கள், கிழங்குக்கு இடம் இருந்தால் பார்க்கலாம். கிழங்கில் புரதம் கிட்டத்தட்ட கிடையாது. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல் அரைமணி நேரம் கழித்துக் குடியுங்கள். பைபாஸ் (இரைப்பையைச் சின்னதாக்கிக் குடலோடு நேராக இணைக்கும் எடை குறைப்புச் சிகிச்சை) செய்தவர்கள் பாயசம், பதநீர் பக்கம் கவனமாக இருங்கள். படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு என்று உடம்பு உடனே காட்டிவிடும்.

மாத்திரைகளை வாழ்நாள் முழுக்க விடக்கூடாது. இரும்பையும் கால்சியத்தையும் ஒன்றாகப் போடாமல் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். இரும்போடு சாயா வேண்டாம். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகளை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். பைபாஸ் செய்தவர்களுக்குக் குடல் இணைப்பில் புண் வரும்.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு 5 கிலோ ஏறிவிட்டது. பயமாக இருக்கிறது.

எனக்கும் 79 இன்று 83. கொஞ்சம் ஏறுவது பெரும்பாலோருக்கு நடக்கும். தொடர்ந்து ஏறினால் மட்டும் கவனியுங்கள். முதலில் பார்க்க வேண்டியது ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ், முறுக்கு, முந்திரிக்கொத்து, சாயாவோடு பிஸ்கட். இவை எல்லாம் இரைப்பையில் நிற்காமல் சறுக்கி இறங்கிவிடும், வயிறு நிறைந்த உணர்வே வராது. அதிலும் அடங்கவில்லை என்றால் உங்கள் சர்ஜனிடம் திரும்பப் போங்கள். இப்போது எடையைக் குறைக்க ஊசி மருந்துகள்கூட இருக்கின்றன. திட்டுவார்களோ என்று பயந்து ஐந்து வருஷம் போகாமல் இருப்பவர்களைப் பார்த்தால்தான் எனக்கு மனசு வலிக்கிறது.

குழந்தை பெற்றுக்கொள்ள நினைக்கிறேன்.

முதல் அறுவை சிகிச்சைக்குப் பிறகு 12 முதல் 18 மாதம் தள்ளிப்போடுங்கள். எடை இறங்கியதும் மாதவிலக்கு சீராகி, எதிர்பாராமல் கருத்தரிப்பது நடக்கும், அதனால் கருத்தடை பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். வயிற்றுத் தோலை எடுப்பதைப் பிரசவங்கள் எல்லாம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

"என்ன சீக்கு, இப்படி வாடிப்போய்ட்டியே" என்று எல்லோரும் கேட்கிறார்கள்.

என்னையும் கேட்டார்கள். "மக்ளே, சுகர் முத்திப்போச்சா?" என்று பெரியம்மா கல்யாண வீட்டில் எல்லோர் முன்னாலும் கேட்டாள். முகத்தில் கொழுப்பு போய்த் தோல் தளரும்போது வயதானது போலத் தெரியும், ஓரளவு பிறகு சரியாகும். நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்லாதீர்கள், உங்கள் உடம்பு. ஆனால் வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும். உடை மாற்றும்போது விளக்கை அணைக்கிற அளவுக்கு, புருஷனிடமிருந்து விலகுகிற அளவுக்கு வெறுப்பு வந்தால் மனநல ஆலோசகரைப் பாருங்கள். எனக்கு ஆறு சந்திப்புகள் தேவைப்பட்டன.

வயிற்றுத் தோலை எடுத்தீர்களே, கைத்தோலை ஏன் விட்டுவிட்டீர்கள்?

வயிற்றுத் தோல் புண்ணாகியது, நடக்க விடவில்லை, அதனால் எடுத்தேன். கை எனக்கு வலிக்கவில்லை. எடுத்தால் அக்குளிலிருந்து முழங்கை வரை வடு வரும், அது எனக்கு வேண்டாம் என்று தோன்றியது. என்னோடு அதே வருஷம் ஸ்லீவ் செய்த குளச்சல்காரி ஒருத்தி கைத்தோலை மட்டும் எடுத்துக்கொண்டு வயிற்றுத் தோலை விட்டுவிட்டாள். அவளுக்கு மீன்கடையில் கையை ஓங்கி வெட்டுகிற வேலை, தோல் ஆடி ஆடி இடைஞ்சல். எடுத்தபிறகு முதல் மாதம் வேலைக்குப் போகவில்லை, இப்போது நன்றாக இருக்கிறாள். நான் முழங்கை வரை கைவைத்த ரவிக்கை தைத்துப் போடுகிறேன், வீட்டில் நைட்டிதான்.